கட்டு அவிழாத சுறா

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பேய், பிசாசு, செய்வினை, சூனியம் இதில் எதையும் நான் ஒரு நாளும் நம்பியவன் இல்லை. ஊரில் யாராவது நோய்க்கு நூல் மந்திரித்துக் கட்டிக்கொண்டு வந்தால், அந்த முடிச்சுக்குள் என்ன வைத்திருக்கிறார்கள் என்று பிரித்துப் பார்த்து அடி வாங்கிய பிள்ளை நான். பிறகு விலங்கியல் படித்து, மேற்படிப்புக்கென்று சிட்னிக்கு வந்து, சுறாக்களின் வயிற்றை அறுத்து உள்ளே என்ன கிடக்கிறது என்று பார்ப்பதையே தொழிலாக்கிக்கொண்டேன். எனக்கு எதற்கும் ஒரு காரணம் வேண்டும். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் இரண்டு வருஷத்துக்கு மேலாகக் காரணம் தேடிக்கொண்டிருக்கிறேன், கிடைக்கவில்லை. நீங்களும் சிரிக்கத்தான் போகிறீர்கள். சிரியுங்கள், பரவாயில்லை, கடைசிவரை கேட்டுவிட்டுச் சிரியுங்கள்.

எழுபத்து நாலாம் ஆண்டு கடைசியில் நடந்தது இது. எனக்குப் பெரும் வெள்ளைச் சுறாப் பைத்தியம் தலைக்கேறியிருந்த காலம். பஸ்ஸில் பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் அதைப் பற்றித்தான் பேசுவேன், பாவம், அவர்கள் அடுத்த தரிப்பிலேயே இறங்கிவிடுவார்கள். என்னுடைய கேள்வி ஒன்றுதான்: இந்தச் சுறா ஓரிடத்திலேயே குடியிருக்கிறதா, இல்லை கரையோரமாக ஊர் ஊராகப் போய் வருகிறதா? என் பேராசிரியரும் மீன்பிடிக்கிறவர்களில் பாதிப்பேரும், ஒவ்வொரு குடாவுக்கும் ஒரு சுறா, தெருநாய் மாதிரி அது அங்கேயேதான் சுற்றும் என்றார்கள். நான் இல்லை என்றேன். எங்கள் இலங்கையில் நீர்கொழும்புக்காரர் காற்று மாறினால் குடும்பத்தோடு முல்லைத்தீவுப் பக்கம் வந்து வாடி என்று ஓலைக் குடிசை போட்டு, மீன்பிடித்துவிட்டுத் திரும்பிப் போவதில்லையா? அது மாதிரித்தான் இதுவும் குளிர்காலத்தில் வடக்கே ஏறி, வெயில் கூடக் கூடத் தெற்கே இறங்கி, விக்டோரியாவில் கடல்நாய்கள் குட்டி போடுகிற பாறைகள்வரை போய்த் திரும்புகிறது என்பது என் எண்ணம். நிரூபிக்க வேண்டுமானால் ஒரு சுறாவை உயிரோடு பிடித்து, முதுகில் அடையாளத் துண்டு ஒன்றைக் குத்தி விட்டுவிட வேண்டும். பிறகு அதே சுறாவை வேறெங்காவது யாராவது பார்க்க வேண்டும். அவ்வளவுதான். சொல்ல எளிது.

சிட்னியின் கடற்கரைகளுக்கு முன்னால், குளிக்கிறவர்களைக் காப்பாற்றவென்று சுறா வலை போடுவார்கள். அந்த வலைகளை இழுத்துப் பார்க்கிற படகுகளில் ஒன்று கெவின் என்பவருடையது. கெஞ்சிக் கூத்தாடி அதில் ஏற இடம் பிடித்திருந்தேன். கெவின் அதிகம் பேசாத மனிதர். அப்பா காலத்தில் வலையில் ஏறிய சுறாவில் பாதிகூட இப்போது ஏறுவதில்லை என்பார், அதைச் சந்தோஷமாகச் சொல்கிறாரா கவலையாகச் சொல்கிறாரா என்று கண்டுபிடிக்க முடியாது. வருகிறதில் முக்கால்வாசி செத்துத்தான் வரும். உயிரோடு வருவதைச் சுட்டுவிடுவார். அப்படியொன்று வந்தால் ஒரு நிமிஷம் எனக்குத் தரவேண்டும் என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன்.

இப்போது பிலேந்திரனைச் சொல்ல வேண்டும். நானும் அவனும் சிட்னிப் புறநகர் ஹோம்புஷில் ஒரு வீட்டின் பின்பக்கத்து இரண்டு அறைகளை வாடகைக்கு எடுத்திருந்தோம். அவனுக்குக் குளிர்ப்பெட்டி செய்கிற தொழிற்சாலையில் வேலை. மன்னாரில் சிலாபத்துறைப் பக்கம், கத்தோலிக்கக் குடும்பம். தின்பதென்றால் அவனுக்குப் பிறகுதான் எவரும். மீன் கடையில் சுறாத் துண்டு வாங்கி வந்து, தேங்காய்ப்பூ போட்டு வறை வறுத்தானென்றால் அடுத்த வீட்டுக் கிரேக்கக் கிழவி வேலிக்கு மேலால் கோப்பையை நீட்டுவாள். "நீ சுறாவைப் படிக்கிறாய், நான் வறுக்கிறன். ஊருக்கு ஆரால பிரயோசனம், நீயே சொல்லு மச்சான்" என்பான்.

அவனுடைய தகப்பன்வழியில் பரம்பரையாகக் கடல்கட்டிகள். உங்களுக்குத் தெரியுமோ என்னவோ, மன்னார்க் கடலில் முத்துக்குளிப்பு நடந்த காலத்தில், சுழியோடிகள் இறங்குவதற்கு முன் ஒருவர் கரையில் நின்று மந்திரம் சொல்லிச் சுறாக்களின் வாயைக் கட்டுவார். அவர் கட்டாமல் ஒருத்தரும் தண்ணீரில் கால் வைக்கமாட்டார்கள். பொழுது பட அவரே கட்டை அவிழ்த்தும் விடுவார். கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது பிலேந்திரன் சின்னப் பையனாம், தகப்பனுக்குப் பக்கத்தில் நின்று கேட்டுக் கேட்டே இரண்டும் பாடமாம். நான் விடுவேனா?

"கட்டினது கட்டினபடி கிடந்தால் என்ன? ஏன் மினக்கெட்டு அவிழ்க்கிறது?" என்று கேட்டேன்.

"விசரா, கட்டு கிடந்தால் பொழுதுபட்ட பிறகு கள்ளன் பயமில்லாமல் இறங்கி முத்தெடுப்பான் எல்லோ? அதுக்குத்தான்."

"அப்ப உன்ர கொப்பர் கட்டு அவிழ்த்தது சுறாவுக்கில்லை, கள்ளனுக்கு."

"பகிடியை விட்டிட்டுத் தின்னு."

இப்படித்தான் எங்கள் பேச்சு. எனக்கு அது ஒரு நல்ல கதை, அவனுக்கு அது குடும்பப் பெருமை. இரண்டு பேரும் அதைப் பெரிதாக எடுத்ததில்லை.

நவம்பர் மாதம் ஒரு சனிக்கிழமை அவனும் படகைப் பார்க்க வேண்டுமென்று என்னோடு வந்தான். நல்ல வெளிச்சமான காலை, கடலும் எண்ணெய் ஊற்றின மாதிரிக் கிடந்தது. இரண்டாவது வலையை இழுக்கும்போது கெவின் கையை உயர்த்தினார். வலையில் ஒரு வெள்ளைச் சுறா. உயிரோடு. வால் பக்கம் மட்டும் சுற்றியிருந்தது, தலை வெளியே. அந்தக் கறுப்புக் கண் எங்களைப் பார்த்ததா இல்லையா என்று சொல்ல முடியாது, ஆனால் பார்த்த மாதிரி இருந்தது. கெவின் துவக்கை எடுத்தார். நான் குறுக்கே நின்றுகொண்டு ஒரு நிமிஷம், ஒரே ஒரு நிமிஷம் என்று கத்தினேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார், அதுதான் சம்மதம். மஞ்சள் அடையாளத் துண்டு மாட்டிய கோலை எடுத்துக்கொண்டு விளிம்பில் சாய்ந்து, செட்டைக்குப் பக்கத்தில் ஓங்கிக் குத்தினேன். இறங்கிவிட்டது. நான் சந்தோஷத்தில் கூவினதும், அது உதறினதும், வலை அறுந்ததும், படகு சரிந்ததும் எல்லாம் ஒன்றாக நடந்தது. அடுத்த கணம் நான் தண்ணீருக்குள்.

தலை வெளியே வந்தபோது அது என்னிலிருந்து ஒரு பாய் நீளத்தில் நின்றது. வலையிலிருந்து முழுதாகக் கழன்று. எனக்குச் சுறாவைப் பற்றித் தெரிந்ததெல்லாம் அந்த நேரம் மறந்துவிட்டது, அதை ஒத்துக்கொள்கிறேன். படகில் பிலேந்திரனின் குரல் மட்டும் கேட்டது. கத்தவில்லை அவன். ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான், வேகமாக, மூச்சு விடாமல், பூசையில் சொல்வது மாதிரி. அந்தோனியார் பெயர் வந்தது. நடுவில் எனக்கு விளங்காத பழைய சொற்கள். சுறா நேராக என்மீது வந்தது. வந்து, மூக்கால் என் விலாவில் இடித்தது. வாய் மூடியிருந்தது. ஈரமான அரத்தாள் உரசுவது மாதிரி அதன் உடம்பு முழுக்க என் வயிற்றில் தேய்த்துக்கொண்டு போய், ஆழத்துக்குள் இறங்கிவிட்டது. மஞ்சள் துண்டு கொஞ்ச நேரம் தெரிந்தது, பிறகு அதுவும் இல்லை.

கெவின் என்னைக் கழுத்தில் பிடித்துத் தூக்கிப் போட்டார். எனக்குப் பல் கிடுகிடுத்தாலும் வாய் ஓயவில்லை. வலையில் நெடுநேரம் கிடந்த சுறாவுக்கு மூச்சு போதாது, மயக்கத்தில் இருக்கும், அந்த நேரம் கடிக்காது என்று விளக்கம் சொன்னேன். இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். பிலேந்திரன் படகின் விளிம்பைப் பிடித்தபடி குந்தியிருந்தான். அவனுடைய சட்டை என்னுடையதைவிட நனைந்திருந்தது, வேர்வையில்.

பின்னேரம் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போது அவன் சொன்னான்:

"பொழுது படுகுது. போய் அவிழ்த்துப்போட்டு வரோணும் மச்சான்."

"என்னத்தை?"

"காலமை கட்டினதை."

நான் சிரித்தேன். ரயிலும் பஸ்ஸும் பிடித்துக் கடற்கரைக்குப் போக வேண்டும், அவனும் களைத்திருந்தான். யன்னலால் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு அவனும் சிரித்தான். "இஞ்ச ஆர் முத்துக் களவெடுக்கப் போறான்?" என்றான். சட்டி நிறையச் சோறு தின்றுவிட்டுப் படுத்தான்.

அடுத்த நாள் காலை அவனுக்கு வாய் திறக்கவில்லை.

முதலில் நான் பகிடி என்றுதான் நினைத்தேன். பல்லுக்குப் பல் ஒட்டினபடி, உதட்டை மட்டும் அசைத்துப் பேசினான். பாண் துண்டு ஒன்றை உள்ளே நுழைக்கப் பார்த்தோம், முடியவில்லை. கரண்டிக் காம்பை நுழைத்துப் பார்த்தோம், பல் உடைந்துவிடும் போலிருந்தது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். ஏற்புவலியாக, துரு ஆணி குத்தி வாய் பூட்டிக்கொள்கிற நோயாக இருக்குமோ என்று எல்லாச் சோதனையும் செய்தார்கள், அது இல்லை. தாடை எலும்பில் ஒன்றுமில்லை. தசை தளரக் குளிசை கொடுத்தார்கள், உடம்பெல்லாம் துவண்டு கை கால் தொங்கிற்று, தாடை மட்டும் இறுகினபடியே இருந்தது. புதிதாக வந்தவர்களுக்கு மனத் தாக்கத்தில் இப்படி வருவதுண்டு என்று ஒரு டொக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். பாலும் ரசமும் கஞ்சித் தண்ணியும் பல்லிடுக்கால் உறிஞ்சிக் குடித்தான். அவ்வளவு தின்கிற மனிதன். கிழமைகள் போகப் போகக் கன்னம் உள்ளே போய், காற்சட்டையைக் கயிறு போட்டுக் கட்டுகிற நிலைக்கு வந்துவிட்டான். தொழிற்சாலையில் வேறு ஆள் எடுத்துவிட்டார்கள். கடைசியில் ஆஸ்பத்திரியில் வயிற்றில் துளை போட்டுக் குழாய் வைக்க நாள் குறித்தார்கள்.

அதைக் கேட்டுவிட்டு வந்த அன்றைக்குத்தான் அவன் எனக்குச் சொன்னான்.

"அப்பாவுக்கும் ஒருக்கா இப்படி வந்தது. காய்ச்சலிலை கிடந்து, பொழுதுபட அவிழ்க்க மறந்துபோனார். விடிய வாய் திறக்கேல்லை. தூக்கிக்கொண்டுபோய்க் கரையிலை இருத்தினவை. அவிழ்த்தார். அந்த இடத்திலேயே வாய் திறந்து தண்ணி கேட்டார்."

"இதை ஏனடா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"நீ சிரிப்பாய் எண்டு."

பிறகு, பல்லைக் கடித்தபடியே, இன்னொன்றும் சொன்னான். "கள்ளனுக்காக அவிழ்க்கிறதெண்டு நினைச்சன் மச்சான். அது இல்லைப் போல. சுறாவும் தின்னோணுமெல்லோ."

அவன் ஏற்கெனவே எனக்குத் தெரியாமல் கடற்கரைக்குப் போய்ப் பார்த்திருக்கிறான். பல தடவை. பொழுதுபடுகிற நேரம் தண்ணீரில் முழங்கால்வரை இறங்கி நின்று அவிழ்க்கிற மந்திரத்தைச் சொல்லியிருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. சொல் மறந்துபோயிற்றோ, பிழையாகச் சொல்கிறேனோ என்று அழுதான். பல்லை மூடிக்கொண்டு ஒரு மனிதன் அழுவதை நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள், பார்க்கவும் வேண்டாம்.

நான் நம்பினேனா? இல்லை. ஆனால் எனக்கு வாய் சும்மா இராதே. "சொல்லிலை பிழை இல்லையடா, கேட்கிறதுக்கு அங்கே ஆளில்லை" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் நான் சொன்னது எனக்கே உறைத்தது. மன்னாரில் முத்து விளைகிற கடலடிப் பார்களில் இருக்கிற சுறா அங்கேயே கிடக்கிற சாதி. காலையில் கட்டியதைப் பின்னேரம் அதே கரையில் நின்று அவிழ்க்கலாம். இது அப்படியா? நான் சொல்கிறது சரியென்றால், இது அந்தச் சனிக்கிழமையே தெற்கே நடையைக் கட்டியிருக்கும். அவன் ஒரு வெறும் கடலுக்கு மந்திரம் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

அன்றைக்கே ரெலிபோனில் உட்கார்ந்தேன். வொலோங்கொங், பெர்மகுய், ஈடன் என்று கரையோரத் துறைமுகம் ஒவ்வொன்றிலும் யாராவது ஒரு மீன்பிடிகாரரைப் பிடித்துக் கேட்டேன். நம்பினால் நம்புங்கள், பதில் வந்தது. வொலோங்கொங்கில் ஒருவர் சில கிழமைக்கு முன் முதுகில் மஞ்சளாக ஏதோ தொங்கின ஒரு வெள்ளைச் சுறாவைப் பார்த்திருக்கிறார். இரை போட்டால் வந்து மூக்கால் தள்ளிப் பார்த்துவிட்டுப் போயிற்றாம், நோய் பிடித்த மீன் என்றார். அதற்குப் பிறகு பெர்மகுயில் ஒருவர். படகின் அடியில் வந்து தலையைத் தேய்த்துக்கொண்டு நின்றதாம், மெலிந்து, தலை பெருத்து. பிறகு ஈடனில் சிப்பி எடுக்கிற சுழியோடி ஒருவர். தன்னைச் சுற்றிச் சுற்றி வந்ததாம், தான் முடிந்தேன் என்று நினைத்தாராம், ஆனால் அது வாயைத் திறக்கவே இல்லையாம்.

ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தெற்கே. ஒவ்வொன்றும் பிந்திய நாளில். நான் நினைத்தது சரி! உலகத்தில் யாருக்கும் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது, எழுந்து ஆட வேண்டும் போலிருந்தது. அடுத்த அறையில் பிலேந்திரன் பல்லிடுக்கால் பாலை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ரெலிபோனை வைத்துவிட்டுக் கரையோர வரைபடத்தை எடுத்து விரித்தேன்.

டிசம்பர் நடுவில் கடல்நாய்க் குட்டிகள் தண்ணீரில் இறங்கிப் பழகத் தொடங்கும். தெற்கே போகிற வெள்ளைச் சுறா வேறெங்கு போகும்? மெல்பேர்ணுக்குத் தெற்கே, பிலிப் தீவின் நுனியில், கடல்நாய்கள் ஆயிரக்கணக்கில் கிடக்கிற பாறைகள் உண்டு. ஆஸ்பத்திரி குறித்த நாளுக்கு முன்னால் அங்கே போய்விட வேண்டுமென்று, என்னுடைய பழைய ஹோல்டன் காரில் அவனைப் போர்வை சுற்றி உட்காரவைத்துக்கொண்டு புறப்பட்டேன். வழியெல்லாம் அவன் தூங்கினான். ஈடனில் பெற்றோல் அடிக்க நிறுத்தியபோது ஒன்றைக் கவனித்தேன். கடல் எங்களுக்குக் கிழக்கே கைக்கெட்டுகிற தூரத்தில் கிடந்தது, ஆனால் அவன் முகம் தூக்கத்தில் தென்மேற்கே, மலைப்பக்கம் திரும்பியிருந்தது. வண்டியைச் சுற்றி எடுத்து மற்றப் பக்கம் பார்க்க நிறுத்தினேன். அவன் தலை மெதுவாக, முள் திரும்புகிற மாதிரி, மறுபடி தென்மேற்கே வந்தது. கண் மூடியபடியே இருந்தான். நான் இன்னொரு முறை வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. ஆராய்ச்சி செய்கிறவன் சுற்றிப் பார்த்திருக்க வேண்டும், தெரியும்.

தீவுக்குப் போகிற பாலத்தடியில் சான் ரெமோ என்றொரு மீன்பிடி ஊர். அங்கே சிங்கி இறால் பிடிக்கிற ஜோர்ஜ் என்பவர் எங்களை ஏற்றிக்கொண்டார். பிலேந்திரனைப் பார்த்துவிட்டு, கடற்காற்று பட்டால் நோயாளிக்கு நல்லதுதான் என்றார். நாங்கள் போனது நல்ல உச்சி வெயிலில், பயப்பட ஒன்றுமில்லாத நேரத்தில். பாறைகள் முழுக்கக் கடல்நாய்கள், சந்தைக்கூச்சல், மூக்கைப் பொத்தவைக்கிற நாற்றம். குட்டிகள் கும்பல் கும்பலாகத் தண்ணீரில் புரண்டு விளையாடிக்கொண்டிருந்தன.

அவற்றுக்கு நடுவில் அது நின்றது.

நான் இதை எத்தனையோ தடவை மனத்தில் ஓட்டிப் பார்த்துவிட்டேன், நான் பார்த்தது அதுதான். முதுகுச் செட்டை, அதன் அடியில் பாசி பிடித்த மஞ்சள் துண்டு. நான் குத்தியது. உடம்பு ஒட்டி, தலை மட்டும் பெரிதாக. அதைச் சுற்றிக் கடல்நாய்க் குட்டிகள் நீந்தின. அதன் முதுகில் உரசிக்கொண்டு, வாலுக்கடியால் புகுந்துகொண்டு, மிதக்கிற மரக்கட்டையோடு விளையாடுவது மாதிரி. ஒரு வெள்ளைச் சுறாவோடு! ஜோர்ஜ் தன் மொழியில் ஏதோ சொல்லிச் சிலுவை போட்டுக்கொண்டார். எஞ்சினை நிறுத்திவிட்டார்.

பிலேந்திரனை நான் கக்கத்தில் கைகொடுத்து விளிம்புக்குக் கொண்டுவந்தேன். பாரமே இல்லை. முழங்காலில் இருந்துகொண்டு, பல்லைக் கடித்தபடி சொல்லத் தொடங்கினான். அந்தச் சொற்கள் எனக்கு நினைவிருக்கிறது, ஆனால் எழுதமாட்டேன், அது என்னுடையது இல்லை. அன்றைக்குக் கட்டினபோது சொன்ன மாதிரி வேகம் இல்லை இதில். மெதுவாக, தூங்குகிற பிள்ளையை எழுப்புகிற மாதிரி. சுறா திரும்பிப் படகுப் பக்கம் வந்தது. வந்து எங்களுக்குக் கீழே நின்றது.

அவன் முடித்தான்.

ஒரு சத்தமும் இல்லை முதலில். அத்தனை கூச்சலும் அந்தக் கணத்தில் நின்றுபோயிற்று. பிறகு தண்ணீரில் இருந்த கடல்நாய்கள் அத்தனையும், தாயும் குட்டியும், ஒன்றின்மேல் ஒன்று விழுந்து பாறையில் ஏறின. கொதிக்கிற எண்ணெயில் தண்ணீர் தெளித்த மாதிரி. கண்மூடித் திறக்கிறதுக்குள் அந்தப் பரப்பு முழுக்கக் காலி. அவ்வளவு நேரமும் அதன் முதுகில் உரசிக்கொண்டு திரிந்தவை. சுறா கீழே இறங்கிற்று.

என் கைக்குள் பிலேந்திரனின் உடம்பு ஒரு தடவை குலுங்கிற்று. தாடை கடக்கென்று சத்தம் போட்டது. வாய் திறந்தது, நெடுநேரம் திறந்தபடியே இருந்தது, மூடப் பயப்படுகிறவன் மாதிரி.

"பசிக்குது மச்சான்" என்றான்.

ஜோர்ஜ் தன்னுடைய சாப்பாட்டுப் பெட்டியை அப்படியே நீட்டினார். பாண், பாற்கட்டி, அவித்த முட்டை. அவன் இரண்டு கையாலும் எடுத்துத் தின்றான், கண்ணீர் ஓட ஓட. பாறைக்கு அந்தப் பக்கம் தண்ணீர் பொங்கி எழுந்து சிவந்தது. ஜோர்ஜும் நானும் பார்த்தோம். பிலேந்திரன் திரும்பிப் பார்க்கவில்லை, குனிந்து தின்றுகொண்டே இருந்தான்.

சரி, இப்போது நீங்கள் சொல்லப்போவதை நானே சொல்லிவிடுகிறேன். நோயில் சோர்ந்த சுறாவுக்குக் கடல்நாய்கள் பயப்படாமல் இருக்கலாம். திடீரென்று அது உடம்பை முறுக்கினதைக் கண்டு ஓடியிருக்கலாம். மனத்தால் இறுகின தாடை மனத்தால் திறந்திருக்கலாம், அந்த டொக்டரும் கடைசியில் அதைத்தான் சொன்னார். பேராசிரியரிடம் துண்டு குத்தின சுறாவைப் பிலிப் தீவில் கண்டேன் என்று மட்டும் சொன்னேன். ஆதாரம் காட்டு என்றார். காட்ட என்னிடம் ஒன்றுமில்லை. அது என் ஆராய்ச்சியில் இல்லை, இருக்கப்போவதும் இல்லை. இவ்வளவோடு இது முடிந்திருந்தால் நானும் ஏதாவது ஒரு காரணத்தைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

பிலேந்திரன் சிட்னிக்குத் திரும்பவில்லை. மெல்பேர்ணில் கார் செய்கிற தொழிற்சாலையில் வேலை எடுத்துக்கொண்டு நின்றுவிட்டான். உடம்பு தேறி, பழையபடி சட்டி சட்டியாகத் தின்றான். குளிர் தொடங்கினதும் வேலையை விட்டுவிட்டு வந்து என் கதவைத் தட்டினான். "மெல்பேர்ண் குளிர் ஒத்துவரேல்லை" என்றான். நியாயம்தானே? கொஞ்ச நாளில் சிட்னியும் பிடிக்கவில்லையென்று வடக்கே நியூகாசிலுக்குப் போனான், அங்கே தெரிந்தவர் ஒருவர் கூப்பிட்டாராம். பிறகு இன்னும் வடக்கே, கொஃப்ஸ் ஹாபரில் வாழைத்தோட்டத்து வேலை. வெயில் காலம் வர வாழைத்தோட்டம் அலுத்துவிட்டது, சிட்னியில் கொஞ்ச நாள் என்னோடு நின்றான், டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு மறுபடி மெல்பேர்ண். அடுத்த வருஷமும் அதே. ஒவ்வொரு தடவையும் ஒரு காரணம் வைத்திருந்தான், ஒவ்வொன்றும் நல்ல காரணம். அவன் எதையும் கவனிக்கவில்லை. மாதங்களை நான்தான் கவனித்தேன், அதுதானே என் படிப்பு.

போன கிழமை ரெலிபோன் எடுத்தான்.

"மச்சான், பைரன் பேயிலை நிக்கிறன்."

"அங்கை என்னடா வேலை?"

"ஒரு வேலையுமில்லை. சும்மா வந்தனான்."

"எப்ப திரும்புவாய்?"

"தெரியேல்லையடா. இன்னும் கொஞ்ச நாள் நிக்கோணும் போல கிடக்கு. சாப்பாடு நல்லாய் இறங்குது இஞ்ச" என்று சிரித்தான்.

சரி, கவனம் என்றேன். அவன் வைத்த கையோடு அந்த ஊர்த் துறையில் இருக்கிற ஒரு மீன்பிடிகாரருக்கு எடுத்தேன். ஆமாம், சில நாளாகப் பெரிய வெள்ளைச் சுறா ஒன்று சுற்றுகிறது, நல்ல கொழுத்தது, செட்டைக்குக் கீழே ஏதோ மாட்டிக் கிடக்கிறது என்றார். காற்று இறங்கினதும் நாலு பேராகப் போய்ப் பிடிக்கப்போகிறோம், தாடையைக் காயவைத்துச் சுவரில் மாட்டலாம் என்றார். வேண்டாம் என்றேன். கெஞ்சினேன், முன்பின் தெரியாத ஆளிடம். அது செத்தால் உனக்கென்ன என்று கேட்டார். எனக்கொன்றுமில்லை என்றேன்.

"பின்னே யாருக்கு?" என்றார்.

விட்டுவிடுங்கள் என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னேன். விசர் பிடித்தவனோடு எதற்குப் பேச்சு என்று நினைத்திருப்பார், சரி, இந்த ஒன்றை விட்டுவிடுகிறேன் என்றார். சொன்னபடி விட்டும்விட்டார் போல, நேற்றும் பிலேந்திரன் எடுத்துப் பேசினான். ஆனால் இந்தக் கரை நீளமானது. இப்போது சுறா வேட்டை எல்லோருக்கும் ஒரு விளையாட்டாகிவிட்டது. பைரன் பேயிலிருந்து பிலிப் தீவுவரை தூண்டில் வைத்திருக்கிற அத்தனை பேரின் ரெலிபோன் இலக்கமும் என்னிடம் இல்லை.